வால்வு விழுந்த நாள்

பக்கவாதம் வந்துபோன பிறகு என் கணவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல். "இல்ல." பசிக்குதா என்று கேட்டாலும் இல்ல, போதுமா என்று கேட்டாலும் இல்ல. சிரித்துக்கொண்டே சொல்வார், அழுதுகொண்டும் சொல்வார். தண்ணீர் கேட்பதற்கும் அதே சொல்தான், தண்ணீர் வேண்டாம் என்பதற்கும் அதேதான். மனதுக்குள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வாய்க்கு வரும்போது இந்த ஒன்றுதான் வருகிறது என்று டாக்டர் விளக்கினார். அங்கே உட்கார்ந்து கேட்டபோது புரிந்த மாதிரி இருந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகுதான் அதன் அர்த்தம் என்னவென்று தெரிந்தது. எதிரில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று நான் ஊகித்து ஊகித்துக் கேட்க, அவர் எல்லாவற்றுக்கும் இல்ல இல்ல என்று சொல்ல, கடைசியில் இரண்டு பேரில் யாராவது ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

அவர் டாக்ஸி டிரைவர். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்டாண்டில் சொந்த வண்டி போட்டிருந்தார். பழைய பெட்ரோல் கார், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. பாதி சவாரி மலைக்குத்தான் போகும். கச்சிராயபாளையம் தாண்டி, மலையேறி, வெள்ளிமலை வரைக்கும் போய்விட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார். அந்தப் பாதையில் எந்த வளைவில் எந்த கியர் என்று அவருக்கு யோசிக்க வேண்டியதே இல்லை.

அவர் நன்றாக இருக்கும்போதே வண்டி புகை விட ஆரம்பித்திருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலமாக எழும்பித் தெருவையே மூடும். எதிர்வீட்டு அம்மா கொடியில் காயும் துணிகளை உருவிக்கொண்டு உள்ளே ஓடுவார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மலை ஏறும்போது புகை இருக்காது. வளைவு வளைவாக இறங்கி வந்து, அடிவாரத்தில் ஆக்ஸிலேட்டரை மறுபடி மிதிக்கும்போதுதான் பின்னால் வரும் பஸ் மறைகிற அளவுக்குக் கிளம்பும். ஒரு மெக்கானிக், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினையே இறக்கியாக வேண்டும் என்றார். இவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"ரிங்கு போயிருந்தா ஏறச்சொல்லதான ஜாஸ்தி பொக வரணும்? இது எறங்கி வந்து மிதிச்சாதான் வருது. வால்வு சீலு தேஞ்சிடுச்சி. மேல கீற ஆயிலு தண்டு வழியா உள்ள எறங்கிக்கினு கீது. சீல மாத்தினா போதும்" என்று அன்று சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்.

எனக்கு அப்போது வால்வும் தெரியாது, சீலும் தெரியாது. பிறகு கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போவதற்கும், எரிந்தது வெளியே வருவதற்கும் கதவு மாதிரி இருப்பது வால்வு. நீண்ட தண்டு, அதன் கீழ்முனையில் வட்டமான தட்டு. தண்டின் மேல்பக்கம் குல்லா போட்ட மாதிரி சுண்டுவிரல் நுனியளவுக்கு ஒரு ரப்பர். அதுதான் சீல். அது காய்ந்து தளர்ந்துபோனால் எண்ணெய் கசிந்து இறங்கி எரியும். அதுதான் அந்த நீலப் புகை.

சீல்களை அவரே வாங்கிவந்து டாஷ்போர்டில் வைத்திருந்தார். சவாரி இல்லாத ஒரு நாளில் தானே மாற்றிவிடுவதாக இருந்தார். அதற்குள் ஒரு காலை குளியலறையில் விழுந்தார்.

கை கால் பயிற்சிக்கு அவரை வாரத்தில் சில நாள் கூட்டிப்போக வேண்டியிருந்தது. எங்கள் வீடு ஊருக்கு வெளியே கச்சிராயபாளையம் ரோட்டில். பஸ்ஸில் ஏற்ற முடியவில்லை. ஷேர் ஆட்டோவில் அவர் வலது கால் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஸ்டாண்டில் அவரோடு வண்டி போட்ட நண்பர் ஒருவர், "அண்ணி, நம்ம வண்டியே கீதே, நான் ஓட்டறேன்" என்று தானாக வந்தார். அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தோம். ஆனால் எண்ணெய் படிந்து படிந்து, பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக் கறுத்துப்போய், ஒருநாள் ஏரிக்கரை மேல் வண்டி நின்றுவிட்டது. அவரை உள்ளே உட்காரவைத்து நானும் நண்பரும் தள்ளினோம். பின்கண்ணாடி வழியாக எனக்கு அவர் தலை மட்டும் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் மற்றவர்களை உட்காரவைத்து ஓட்டிய ஆள். தலையைத் திருப்பவே இல்லை.

"இப்டியே ஓட்ட முடியாது அண்ணி. எதுனா பண்ணணும்" என்றார் நண்பர்.

என் தம்பிக்குச் சொல்லியனுப்பினேன். அவன் திருக்கோவிலூரில் பைக் ரிப்பேர் கடையில் வேலை செய்தான். கார் எஞ்சினைத் திறந்து பார்த்திருக்கிறானே தவிர, தனியாக வேலை செய்ததில்லை. ஆனாலும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வால்வு ஸ்பிரிங்கை அமுக்கும் ஒரு நெம்புகோலை யாரிடமோ இரவல் வாங்கிக்கொண்டு மறுநாளே வந்துவிட்டான்.

"மாமா, நீங்க வாங்கி வச்ச சீலுதான். நானே மாத்திடறேன். சரியா?"

"இல்ல" என்றார் அவர். முகத்தில் சிரிப்பு இருந்தது. சரி என்று எடுத்துக்கொண்டோம்.

தகர ஷெட்டுக்குக் கீழே வண்டி. பக்கத்தில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன். தம்பி எஞ்சின் மூடியைக் கழற்றி, அதன் அடியில் இருந்த கம்பிகளையும் கழற்றி ஒரு பழைய புடவை மேல் வரிசையாக அடுக்கினான். எஞ்சினில் நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வால்வு. வால்வைப் பிடித்து நிறுத்துவது ஸ்பிரிங்கும், அதன் தலையில் விரல்நகத்தில் பாதி அளவுக்கு இருக்கும் இரண்டு லாக்கும்தான். லாக்கை எடுத்துவிட்டால் வால்வு கீழே சிலிண்டருக்குள் நழுவிவிடும். அதனால் வேலை செய்கிற சிலிண்டரின் பிஸ்டன் மேலே ஏறி வந்து நிற்க வேண்டும். அது அடியில் தாங்கிக்கொள்ளும்.

"யக்கா, ஒரு தொடப்பக்குச்சி எட்தா" என்றான். பிளக் இருந்த ஓட்டைக்குள் அந்த ஈர்க்குச்சியை விட்டு என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். அவன் முன்பக்கம் போய், எஞ்சினைக் கையால் சுற்றும் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு மெல்லச் சுற்றினான். குச்சி என் விரலுக்குள் மேலே எழும்பி வந்தது. உள்ளே ஏதோ உயிர் இருந்து தள்ளுகிற மாதிரி இருந்தது. "இனிமே ஏறல" என்று நான் சொன்னதும் நிறுத்தினான்.

முதல் சிலிண்டரின் பிஸ்டன் ஏறும்போது நான்காவதும் கூடவே ஏறும். நடுவில் இருக்கும் இரண்டும் அப்போது அடியில் கிடக்கும். இதை அவனே எனக்குச் சொன்னான். முதலாவதையும் நான்காவதையும் முடித்தோம். பழைய சீல்கள் கறுத்துக் கல்லாகியிருந்தன. நகத்தால் அழுத்தினால் பொடிந்தன. புதியவை மிருதுவாக, எண்ணெய் தடவியதும் வழுக்கிக்கொண்டு தண்டில் இறங்கி உட்கார்ந்தன. என் கணவர் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் கண்ணில் பழைய கூர்மையைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

டீ குடித்துவிட்டுத் தம்பி கையைத் துடைத்தான். நேராக இரண்டாவது சிலிண்டரின் ஸ்பிரிங் மேல் நெம்புகோலை வைத்தான்.

"இல்ல" என்றார் அவர்.

"இன்னா மாமா, டீ வோணுமா?"

"இல்ல. இல்ல."

நான் டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனேன். தட்டிவிட்டார். டீ என் புடவையில் கொட்டியது. இடது கையைத் தூக்கி வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். "இல்ல இல்ல இல்ல." நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அண்ணாந்து பார்த்தேன். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் வெயில் இறங்கி அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"வெயிலு அடிக்குதுடா அவருக்கு. நாற்காலியத் திருப்பச் சொல்றாரு" என்றேன்.

தம்பி நெம்புகோலைப் பிடித்தபடியே, "திருப்பிடு யக்கா" என்றான்.

நாற்காலியோடு சேர்த்து அவரை அப்படியே திருப்பினேன். வெயில் படாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கத்தினார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் தோளை அழுத்தி, "இருங்க, இருங்க, தோ முடிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் தம்பி லாக்கை எடுத்துவிட்டான், ஸ்பிரிங்கையும் தூக்கிவிட்டான். இறுகிப்போயிருந்த பழைய சீல்தான் அதுவரை வால்வைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. குறடால் அதை இழுத்தான். உள்ளே ‘டிங்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. சமையலறையில் கரண்டி விழுந்த மாதிரி.

என் கணவர் கத்துவதை நிறுத்திவிட்டார்.

நான் திரும்பினேன். தம்பியின் கையில் குறடும் சீலும் இருந்தன. தண்டு இருந்த இடத்தில் ஓட்டை.

"பிஸ்டன ஏத்தவே இல்லியே" என்றான். எங்களிடம் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா தெரியவில்லை.

அப்போதுதான் அந்த வட்டம் எனக்குப் புரிந்தது. ஸ்டார்ட்டிங் ஹேண்டில். சுற்று, இன்னும் சுற்றவில்லை, சுற்றிவிட்டுக் கை வை. அவ்வளவையும் அவர் சொல்லியாகிவிட்டது. ஒரு சொல்லை வைத்தும், ஒரு கையை வைத்தும் ஒரு மனுஷன் அதற்கு மேல் எப்படிச் சொல்ல முடியும்?

தம்பி ஓய்ந்துவிடவில்லை. ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து உடைத்த காந்தத்தைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி, கம்பியில் கட்டி, பிளக் ஓட்டை வழியாக விட்டுத் துழாவினான். டார்ச் அடித்தால் வால்வின் விளிம்பு பளபளவென்று தெரிந்தது. காந்தம் ஒட்டவே இல்லை. அது புகை போகும் பக்கத்து வால்வு, வேறு மாதிரி இரும்பு, காந்தத்துக்குப் பிடிபடாது என்று அப்புறம்தான் தெரிந்தது. கம்பியை வளைத்துக் கொக்கி செய்தான். கொக்கியில் தண்டு மாட்டும், கொஞ்சம் எழும்பும், நழுவும். ஒவ்வொரு தடவையும் அந்த ‘டிங்’. குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தபோதுகூட நான் உள்ளே போகவில்லை.

கடைசியில் கம்பியை வீசிவிட்டுத் தம்பி அவர் பக்கம் திரும்பினான். "வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா மாமா!" என்று கத்திவிட்டான்.

சொன்ன அந்த நிமிஷமே அவன் முகம் செத்துவிட்டது. ஷெட்டை விட்டு வெளியே போய் ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். என் கணவர் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். நாற்காலியைத் திருப்பிவைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பிறகு திருப்பினேன். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வேறு வழியில்லை. எஞ்சினின் மேல்பாகம் முழுவதையும், ஹெட் என்கிறார்களே, அதைக் கழற்றித்தான் வால்வை எடுக்க முடியும். தம்பி போய் ஸ்டாண்ட் நண்பரை அழைத்துவந்தான். ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, குழாய்களைப் பிரித்து, இரண்டு பேரும் சேர்ந்து ஹெட்டைத் தூக்கிப் பலகை மேல் வைத்தார்கள். கசியாமல் இருக்க அடியில் போடும் கேஸ்கட் கிழிந்துவிட்டது. கள்ளக்குறிச்சிக் கடைகளில் அது கிடைக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து வரவழைப்பதாக ஒரு கடைக்காரர் சொன்னார். அது வரும்வரை வண்டி திறந்தபடியே கிடந்தது. மழை வரும்போல இருந்த ஒரு சாயங்காலம் பாயைக் கொண்டுபோய்ப் போர்த்தினேன். பயிற்சிக்குப் போக முடியவில்லை. வீட்டிலேயே நானே அவர் கையை நீட்டி மடக்கினேன். அவர் ஒத்துழைக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. யாருடைய கையோ என்பது போல என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு நினைப்பு வந்து வந்து போகும். வால்வு விழுந்ததால் இந்த ஒன்று தெரிந்தது. தெரியாமலே போனவை எத்தனை இருக்கும்? போர்வை வேண்டும் என்று சொன்னபோது நான் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டியிருப்பேன். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி எதையோ கேட்டபோது சோற்றை ஊட்டியிருப்பேன். யாரிடம் போய்க் கேட்பது? அவரிடம்தான் கேட்க வேண்டும், அவர் இல்ல என்பார்.

கேஸ்கட் வந்த பிறகு தம்பி மறுபடி வந்தான். மாமாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு நேராக ஷெட்டுக்குள் போனான். ஹெட் பலகை மேல் இருந்ததால் வேலை சுலபமாக இருந்தது. வால்வு அடியில் பலகையிலேயே தாங்கிக்கொண்டது. விழுந்த வால்வைத் தேய்த்துத் துடைத்து, வளைந்திருக்கிறதா என்று அவனும் ஸ்டாண்ட் நண்பரும் கண்ணாடித்துண்டின் மேல் உருட்டிப் பார்த்தார்கள்; வளையவில்லை. இரண்டு சீல் பாக்கி இருந்தபோது என்ன நினைத்தானோ, ஒரு சீலை எண்ணெயில் தோய்த்து எடுத்துவந்து என் கணவரின் இடது உள்ளங்கையில் வைத்தான்.

"நீங்க போடுங்க மாமா."

நாற்காலியைப் பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். அவர் சீலைத் தண்டின் நுனியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். தண்டு சுற்றியது. பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். நான் கை நீட்டினேன். "இல்ல" என்றார். அது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. மறுபடி அழுத்தினார். சீல் சாய்ந்துகொண்டு ஒருபக்கமாக ஏறியது. எடுத்துத் திரும்ப வைத்தார். வலது கை மடியில் கிடந்தது. அதை ஒரு தடவை குனிந்து பார்த்தார். வருமா என்று பார்த்த மாதிரி இருந்தது. மூன்றாவது முறையோ நான்காவது முறையோ சீல் நழுவி மண்ணில் விழுந்து உருண்டது. நான் எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து வழிந்ததை நாங்கள் யாரும் துடைக்கவில்லை. தம்பி என் கையிலிருந்து சீலை வாங்கி, சத்தமில்லாமல் போட்டு முடித்தான்.

எல்லாம் மாட்டி, தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் செய்தபோது முன்பைவிட மோசமாகப் புகை வந்தது. எதிர்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்தினார். நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டாண்ட் நண்பர்தான், "சைலன்சர்ல நின்ன பழைய ஆயிலு அண்ணி. எரிஞ்சி போவட்டும்" என்றார். ஓடவிட்டுக்கொண்டே இருந்தார்கள். புகை மெல்ல மெல்ல வெளுத்து, மெலிந்து, நின்றது. ஆனாலும் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. மலையிலிருந்து இறங்கும்போதுதானே நிஜம் தெரியும்.

மறுநாள் காலையில் தம்பி ஓட்ட, அவர் முன்சீட்டில், நான் பின்சீட்டில், வெள்ளிமலைக்குப் போனோம். கடைத்தெருவில் நிறுத்தியதும் சாமை மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்தார். பல தடவை இந்த வண்டியில் ஏறி இறங்கியவர் போலிருக்கிறது.

"இன்னா டிரைவரே, கண்ணுலயே காணோம்? நல்லா கீறீங்களா?"

"இல்ல" என்றார் என் கணவர், முகமெல்லாம் சிரிப்பாக.

அந்த மனிதருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் கீழே இறங்கி, வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டுத் திரும்பிவந்தவர், ஜன்னல் வழியாக அவர் தோளை அழுத்திப் பிடித்தார். பிறகு மூட்டையிடம் போய்விட்டார்.

இறங்கும்போது நான் பின்கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். "பாத்துக்கினே வா யக்கா" என்று தம்பி சொல்லியிருந்தான். வளைவுக்கு முன்னால் காலை எடுப்பான், வண்டி எஞ்சினின் பிடியிலேயே இறங்கும், வளைவு தாண்டியதும் மிதிப்பான். ஒவ்வொரு தடவையும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரோடும் காடும் தெளிவாகத் தெரிந்தன. பின்னால் வந்த பஸ்ஸின் நம்பரைக்கூடப் படிக்க முடிந்தது.

"பொக வரல" என்றேன். "வரவே இல்லடா."

திரும்பி முன்சீட்டை எட்டிப் பார்த்தேன். என் கணவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கால், அது நல்ல கால், ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் தரையை அழுத்தி அழுத்தி விட்டது. அங்கே மிதிப்பதற்கு ஒன்றும் இல்லை, வெறும் பாய்தான். அவர் கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்தார். தம்பி மிதிக்கும் அதே நேரத்தில். சில வளைவுகளில் அவனுக்குக் கொஞ்சம் முன்பாகவே. தம்பியும் அதைக் கவனித்திருக்கிறான். பாதி மலை இறங்கிய பிறகு அவன் அந்தக் காலைப் பார்த்துத்தான் கியர் மாற்றினான் என்று எனக்குத் தோன்றியது.

அந்த வண்டியிலேயே ஸ்டாண்ட் நண்பர் ஓட்ட, பயிற்சிக்குப் போய்வந்தோம். காலில் கொஞ்சம் வலு வந்து, கம்பு ஊன்றி வாசல் வரைக்கும் நடக்கப் பழகினார். கை வரவில்லை. பேச்சும் வரவில்லை. நண்பர் காலையில் வந்து வண்டியை எடுப்பதற்கு முன்பே இவர் ஷெட்டில் போய் நின்றுகொள்வார். எஞ்சின் ஓடும்போது தலையைச் சாய்த்துக் கேட்பார். "இல்ல" என்று ஏதோ சொல்வார். நண்பர் எஞ்சினை நிறுத்திவிட்டு, "இன்னாண்ணே?" என்று கேட்டு, அவர் கை போகும் இடத்தையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். சில நாள் கண்டுபிடித்துவிடுவார். பல நாள் இரண்டு பேரும் திறந்த எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டே இருப்பார்கள். நேரமாகிறது என்று நான்தான் உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன்.